138 டிகிரி எங்கிருந்து வந்தது?

பெரிய சரக்குக் கப்பலின் இன்ஜினில் எரிகிற கனரக எண்ணெய், கரையில் நாம் ஃபர்னஸ் ஆயில் என்று சொல்லும் வகையைச் சேர்ந்தது. கச்சா எண்ணெயிலிருந்து பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல் எல்லாவற்றையும் பிரித்தெடுத்த பிறகு அடியில் தங்குகிற கருங்குழம்புதான் அதன் அடிப்படை. அறை வெப்பநிலையில் அதை வாளியில் ஊற்றி வாளியைச் சாய்த்தால், விளிம்புக்கு வந்து சேரவே நேரம் எடுத்துக்கொள்ளும். ஆனால் இதே எண்ணெய்தான் இன்ஜெக்டர் முனையின் மெல்லிய துளைகள் வழியே பனிமூட்டம்போல் தூவப்பட வேண்டும். துளி பெரிதானால் முழுதாக எரியாது. கரி படியும், புகை கறுக்கும். அளவுக்கு மீறி நீர்த்துப்போனாலோ எரிபொருள் பம்புக்குள் உராய்வைத் தடுக்கும் எண்ணெய்ப்படலம் கிழியும்.

இரண்டுக்கும் நடுவே இன்ஜின் தயாரிப்பாளர்கள் ஒரு வரம்பு சொல்கிறார்கள்: இன்ஜினுக்குள் நுழையும்போது பாகுநிலை சுமாராக 10 முதல் 15 சென்டிஸ்டோக். 20 டிகிரி செல்சியஸில் தண்ணீரின் பாகுநிலை ஏறத்தாழ 1 சென்டிஸ்டோக் என்று நினைவில் வைத்துக்கொண்டால் மற்ற எண்களின் எடை புரியும். உலகத் துறைமுகங்களில் பல்லாண்டுகளாக அதிகம் விற்ற ரகத்துக்கு ‘380’ என்றே பெயர். 50 டிகிரியில் அதன் பாகுநிலை அதிகபட்சம் 380 சென்டிஸ்டோக்.

இப்போது கேள்வி. 50 டிகிரியில் 380 ஆக இருப்பதை 12 ஆக்க, எத்தனை டிகிரிக்குச் சூடாக்க வேண்டும்?

ஒரே ஒரு அளவீட்டை வைத்துக்கொண்டு இதற்குப் பதில் சொல்ல முடியாது. இரண்டாவது புள்ளி ஒன்று வேண்டும். அதிர்ஷ்டவசமாக அது பழைய பெயரிலேயே ஒளிந்திருக்கிறது. இன்று ஆர்எம்ஜி 380 எனப்படும் ரகத்தை முந்தைய ஐஎஸ்ஓ தரப் பட்டியல் ஆர்எம்ஜி 35 என்று குறித்தது. அந்த 35, நூறு டிகிரியில் இருக்க வேண்டிய பாகுநிலை. ஆக நம் கையில் இரண்டு தகவல்கள்: 50 டிகிரியில் 380, 100 டிகிரியில் 35.

இந்த எண்கள் எப்படிக் கிடைக்கின்றன என்பதையும் பார்த்துவிடலாம். ஆய்வகத்தில் கண்ணாடி நுண்குழாய் ஒன்றில் எண்ணெயை நிரப்பி, வெந்நீர்த் தொட்டியைப்போன்ற ஒரு திரவத் தொட்டிக்குள் நிறுத்துகிறார்கள். தொட்டியின் வெப்பநிலை 0.02 டிகிரிகூட இப்படி அப்படிப் போகக் கூடாது. குழாயில் இரண்டு கோடுகள் பொறிக்கப்பட்டிருக்கும். எண்ணெய் தன் எடையாலேயே ஒரு கோட்டிலிருந்து மறு கோட்டைக் கடக்க எடுக்கும் வினாடிகளை, அந்தக் குழாய்க்கென்று உள்ள மாறிலியால் பெருக்கினால் சென்டிஸ்டோக் வந்துவிடும். கறுப்பு எண்ணெயில் ஒரு சிக்கல்: அது இறங்கும்போது கண்ணாடியில் கறை பூசிக்கொண்டே இறங்குவதால் மட்டம் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே அதற்கு மட்டும் தலைகீழ் ஏற்பாடு. எண்ணெய் சுத்தமான கண்ணாடிக்குள் கீழிருந்து மேலே ஏறும். ஏறும் விளிம்பைப் பார்த்து நேரம் குறிப்பார்கள்.

இரண்டு புள்ளிகள் கிடைத்ததும் கை தானாகவே அளவுகோலைத் தேடும். நேர்கோடு போட்டுப் பார்ப்போம். 50 டிகிரி ஏறியதில் பாகுநிலை 345 இறங்கியது, டிகிரிக்கு 6.9. இதே வேகத்தில் போனால் 35 என்பது 12 ஆக இன்னும் மூன்று டிகிரிச் சொச்சம் போதும். 103 டிகிரியில் வேலை முடிந்தது! ஆனால் அதே கோட்டை இன்னும் கொஞ்சம் நீட்டினால், 106 டிகிரியில் பாகுநிலை பூஜ்யத்துக்கும் கீழே போய்விடும். எதிர்மறைப் பாகுநிலை உள்ள எண்ணெய் தானே முடுக்கிக்கொண்டு ஓடும். அப்படி ஒன்று கிடைத்தால் இன்ஜினே தேவையில்லை.

உண்மையில் இந்த வளைகோடு தொடக்கத்தில் செங்குத்தாக விழுந்து, பிறகு தவழ்கிறது. 380 ரக எண்ணெய்க்கு 30 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குப் போவதற்குள் பாகுநிலை சுமார் 1,710இலிருந்து 765க்கு இறங்கிவிடும். 90இலிருந்து 100க்குப் போகையில் 50இலிருந்து 35 வரைதான். அதே பத்து டிகிரி. ஒரு பக்கம் தொள்ளாயிரத்துச் சொச்சம், மறுபக்கம் வெறும் பதினைந்து.

இப்படி விழுவதற்குக் கணித வடிவம் கொடுத்தவர்களில் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் ஒருவர். பின்னணி ரயில் அச்சு. 1880களின் தொடக்கத்தில் போஷாம்ப் டவர் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் ரயில் அச்சுத் தாங்கிகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். எண்ணெய் விடுவதற்காகத் துளைத்த ஓட்டையை அடைத்தால், அடைப்பை எண்ணெயே வெளியே தள்ளியது. சுழலும் அச்சு எண்ணெயை இழுத்துச் சென்று பெரும் அழுத்தத்தை உண்டாக்குகிறது என்பது அப்போதுதான் வெளிப்பட்டது. அதற்கான கோட்பாட்டை 1886இல் ரெனால்ட்ஸ் எழுதினார். எண்ணெய் சூடாகும்போது அழுத்தம் மாறுவதையும் கணக்கில் கொண்டுவர வேண்டியிருந்ததால் ஆலிவ் எண்ணெயை வெவ்வேறு வெப்பநிலைகளில் அளந்து, ஒவ்வொரு டிகிரிக்கும் பாகுநிலை ஒரே விகிதத்தில் குறைகிறது என்று எழுதிக்கொண்டார். கழித்தல் கணக்கல்ல, வகுத்தல் கணக்கு. வட்டிக்கு வட்டி பெருகுவதைத் திருப்பிப்போட்டதுபோல.

நம் எண்ணெய்க்கு இதைப் பொருத்தினால் டிகிரிக்குச் சுமார் 4.7 சதவீதம் குறைகிறது. 12 கிடைப்பது 122 டிகிரியில். நேர்கோட்டைவிட எவ்வளவோ மேல். பூஜ்யத்துக்குக் கீழே போகும் அபத்தமும் இல்லை. ஆனாலும் தவறு, 122இல் உண்மைப் பாகுநிலை 17க்கு மேலேயே நிற்கும்.

அடுத்த படிக்கு எண்ணெய்க்குள் என்ன நடக்கிறது என்று யோசிக்க வேண்டும். திரவத்தில் மூலக்கூறுகள் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கின்றன. எண்ணெய் ஓட வேண்டுமானால் ஒவ்வொரு மூலக்கூறும் அக்கம்பக்கத்தவற்றை ஒதுக்கிக்கொண்டு அடுத்த இடத்துக்குத் தாவ வேண்டும். தாவ ஒரு குறைந்தபட்ச ஆற்றல் தேவை. அந்த ஆற்றலை எட்டிய மூலக்கூறுகள் எந்தக் கணத்திலும் சிலவே; வெப்பநிலை ஏறினால் அவற்றின் எண்ணிக்கை கிடுகிடுவென்று கூடும். வேதிவினைகளின் வேகத்துக்கு அர்ரீனியஸ் சொன்ன அதே தர்க்கம்தான். 1930இல் ஆண்ட்ரேட் இதைத் திரவங்களின் பாகுநிலைக்குப் பரவலாக எடுத்துச்சென்றார். இங்கே முக்கியமானது செல்சியஸ் அல்ல, கெல்வினில் அளந்த வெப்பநிலையின் தலைகீழி. (வாயுக்களில் கதையே வேறு. அங்கே சூடு ஏறினால் பாகுநிலையும் ஏறும், ஏனென்றால் தாவ வேண்டிய நெருக்கடியே இல்லை, மூலக்கூறுகள் அடுக்குக்கு அடுக்கு உந்தத்தைச் சுமந்துசெல்வதுதான் உராய்வு.)

ஆண்ட்ரேட் வழியில் கணக்கிட்டால் 128 டிகிரி. நெருங்கிவிட்டோம், இன்னும் தொடவில்லை. தாவத் தேவையான ஆற்றல் எல்லா வெப்பநிலையிலும் ஒன்றே என்பது இந்தச் சூத்திரத்தின் அடிப்படை. தண்ணீர்போன்ற சிறு மூலக்கூறுகளுக்கே அது முழுக்கப் பொருந்தாது. நூற்றுக்கணக்கான அணுக்கள் கொண்ட நீண்ட சங்கிலிகளும், அஸ்ஃபால்டீன் என்ற தட்டையான பெருமூலக்கூறுகளும் பின்னிக்கிடக்கும் எரிஎண்ணெய்க்குச் சுத்தமாகப் பொருந்தாது. குளிரக் குளிர அங்கே காலியிடம் சுருங்கி, தாவுவதற்கான விலை ஏறிக்கொண்டே போகிறது.

1921இல் ஃபோகல் கண்ட சூத்திரம், வெப்பநிலையிலிருந்து ஒரு நிலையான எண்ணைக் கழித்துவிட்டு இந்தக் குறையை அழகாகச் சரிசெய்கிறது. கண்ணாடிக்குழம்பை ஆராய்ந்த ஃபுல்ச்சரும், டம்மானும் சில ஆண்டுகளில் அதே வடிவத்துக்கு வந்து சேர்ந்தார்கள். எனக்குப் பிடித்த சூத்திரம் அதுதான். ஆனால் அதற்கு மூன்று அளவீடுகள் வேண்டும். கப்பலுக்கு எண்ணெய் ஏற்றும்போது கிடைக்கும் காகிதத்தில் ஒன்று இருந்தாலே பெரிய விஷயம்.

எண்ணெய்த் தொழில் ஏற்றுக்கொண்டது இன்னொரு வழியை. 1921இல் அமெரிக்காவில் மக்கூலும், அந்தப் பத்தாண்டின் இறுதியையொட்டி ஜெர்மனியில் வால்தரும் முன்வைத்தது அது. பாகுநிலையுடன் ஒரு சிறு எண்ணைக் கூட்டு. அதற்கு மடக்கை எடு. வந்த விடைக்கு மறுபடியும் மடக்கை எடு. கெல்வின் வெப்பநிலைக்கு ஒருமுறை மடக்கை எடு. இரண்டையும் வரைபடத்தில் குறித்தால் நேர்கோடு! ஏன்? இயற்பியல் காரணம் எதுவும் கிடையாது. வளைந்த கோட்டை ஒருமுறை மடக்கையால் நிமிர்த்தினார்கள். போதவில்லை என்று இரண்டாம் முறையும் நிமிர்த்தினார்கள். கோட்பாட்டாளர்கள் முகம் சுளிக்கலாம். ஆனால் கச்சா எண்ணெயிலிருந்து வரும் ஆயிரம் விதமான கலவைகளுக்கு நூறு டிகிரி இடைவெளியில் சில சதவீதப் பிழைக்குள் விடை தருகிற சூத்திரம் வேறு எத்தனை இருக்கிறது? அமெரிக்கத் தரநிர்ணய அமைப்பான ஏஎஸ்டிஎம்மின் டி341 வரைபடம் இன்றும் இதன் மேல்தான் நிற்கிறது. கூட்ட வேண்டிய சிறு எண் அதில் 0.7.

கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். ஃபோனில் உள்ள கால்குலேட்டரைப் பக்கவாட்டில் திருப்பினால் மடக்கைப் பொத்தான் வரும். பத்தின் அடிமானத்தில் உள்ளதை எடுத்துக்கொள்ளுங்கள்.

380உடன் 0.7 கூட்டினால் 380.7. அதன் மடக்கை 2.5806, அதற்கும் மடக்கை 0.4117. 35உடன் கூட்டினால் 35.7, மடக்கை 1.5527, மறுமடக்கை 0.1911. வெப்பநிலைகளுடன் 273.15 கூட்ட, 323.15, 373.15, அவற்றின் மடக்கைகள் 2.5094, 2.5719. மேலே உள்ள இரு மறுமடக்கைகளின் வித்தியாசம் 0.2206. வெப்பநிலை மடக்கைகளின் வித்தியாசம் 0.0625. வகுத்தால் 3.53. இதுதான் இந்த எண்ணெயின் சரிவு.

இனி நமக்கு வேண்டிய 12. கூட்டினால் 12.7, மடக்கை 1.1038, மறுமடக்கை 0.0429. நூறு டிகிரிப் புள்ளியின் 0.1911இலிருந்து இது 0.1482 கீழே இருக்கிறது. 3.53ஆல் வகுத்தால் 0.0420. அதை 2.5719உடன் சேர்த்தால் 2.6139. பத்தின் அடுக்காக 2.6139ஐப் போட்டால் 411 கெல்வின். 273ஐக் கழித்தால் 138 டிகிரி.

அனுபவமுள்ள கப்பல் இன்ஜினியரிடம் 380 எண்ணெயை எதுவரை சூடாக்குவீர்கள் என்று கேட்டால் ‘135, 140’ என்பார். 15 வேண்டுமானால் 129 டிகிரி, 10 வேண்டுமானால் 146 டிகிரி என்று அதே கோடு சொல்கிறது. அனுமதிக்கப்பட்ட வரம்பு முழுவதும் இந்தப் பதினேழு டிகிரிக்குள் அடங்கிவிடுகிறது. நூறு டிகிரிக்கு மேல் எண்ணெயில் கலந்துள்ள தண்ணீர் கொதித்துவிடாதா என்றால், கொதிக்கும். அதனால்தான் அந்தக் குழாய்த் தொகுதி முழுவதையும் அழுத்தத்தில் வைத்திருக்கிறார்கள்.

இந்தக் கணக்கில் எல்லோரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு: கெல்வினாக்க மறப்பது. செல்சியஸை அப்படியே போட்டாலும் கால்குலேட்டர் முறைத்துப் பார்க்காது. 159 டிகிரி என்று பவ்யமாக ஒரு விடை தரும். கேட்பதற்கு நம்பும்படியாகவே இருக்கும். அந்தச் சூட்டில் எண்ணெய் 8 சென்டிஸ்டோக்குக்கும் கீழே இறங்கியிருக்கும்.

சூத்திரத்தைச் சோதிக்க ஒரு சுவையான வழி இருக்கிறது. மூத்த கப்பல்காரர்கள் 380ஐ ‘3500 செகண்ட் ஆயில்’ என்பார்கள். அது ரெட்வுட் வினாடி. பிரிட்டனின் பெட்ரோலிய நிபுணர் போவர்ட்டன் ரெட்வுட்டின் பெயரால் வழங்கும் அந்தக் கருவியைத் தமிழ்நாட்டில் இயந்திரவியல் படித்த எவரும் கல்லூரி ஆய்வகத்தில் தொட்டிருப்பார்கள். நடுவில் எண்ணெய்க் கிண்ணம், சுற்றிலும் சூடான தண்ணீர், அடியில் அகேட் கல்லில் துளைத்த சிறு துவாரம், கீழே கழுத்துக் குறுகிய 50 மில்லி குடுவை. துவாரத்தை அடைத்திருக்கும் குண்டைத் தூக்கிவிட்டு, குடுவையின் கோடு நிறையும்வரை ஸ்டாப்வாட்சைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும்.

3500 வினாடி என்பது 100 டிகிரி ஃபாரன்ஹீட்டில், அதாவது 37.8 செல்சியஸில் எடுத்தது. நூற்றுக்கு மேற்பட்ட ரெட்வுட் வினாடிகளை 0.247ஆல் பெருக்கினால் ஏறத்தாழ சென்டிஸ்டோக் வரும்: 864. நம் நேர்கோட்டை 37.8 டிகிரிக்குப் பின்னோக்கி நீட்டினால் 905. இரண்டு வெவ்வேறு காலத்து வியாபாரப் பெயர்களிலிருந்து, இரண்டு வெவ்வேறு கருவிகளிலிருந்து வந்த எண்கள் ஐந்து சதவீதத்துக்குள் கை குலுக்குகின்றன. மடக்கைக்கு மடக்கை எடுத்த அந்தச் சந்தேகத்துக்குரிய வித்தையின் மேல் எனக்கு மரியாதை வந்தது இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான்.

கப்பலில் இதே கோட்டின் வேறு வேறு இடங்களில் வேறு வேறு வேலைகள் நடக்கின்றன. 1,000 சென்டிஸ்டோக்கைத் தாண்டினால் எண்ணெயை இடம் மாற்றும் பம்புகள் திணறும். கோட்டில் அது 36, 37 டிகிரி. ஆகவே சேமிப்புத் தொட்டிகளை நீராவிச் சுருள்களால் 40க்கு மேல் வைத்திருக்கிறார்கள். தண்ணீரையும் தூசியையும் பிரிக்கும் ப்யூரிஃபையருக்குள் 98 டிகிரியில் அனுப்புகிறார்கள். அங்கே நூறைத் தாண்டினால் சுழலும் கிண்ணத்துக்குள் இருக்கும் நீர்த்தடுப்பே ஆவியாகிவிடும். கடைசி ஹீட்டரை இன்று வெப்பநிலை பார்த்து இயக்குவதில்லை. குழாயிலேயே ஒரு பாகுநிலைமானி உட்கார்ந்து நீராவி வால்வைத் திறந்து மூடிக்கொள்கிறது. அப்படியானால் கணக்கு எதற்கு? மானி 12 என்று காட்டும்போது வெப்பமானி 115 என்று காட்டினால், வாங்கிய எண்ணெய் காகிதத்தில் எழுதிய ரகம் அல்ல, அல்லது மானி பழுது. கணக்குத் தெரிந்தவருக்குத்தான் அந்தச் சந்தேகம் வரும்.

பைக்குக்கு ஊற்றும் 20டபிள்யூ-40 எண்ணெய்க்கும் இதே கோடுதான், சரிவு மட்டும் வேறு. அந்த 40, நூறு டிகிரியில் 12.5க்கும் 16.3க்கும் இடைப்பட்ட சென்டிஸ்டோக்கைக் குறிக்கிறது; 20டபிள்யூ என்பது குளிர்ப் பக்கத்து நடத்தை. சரிவைத் தனி எண்ணாகச் சொல்ல 1929இல் டீனும் டேவிஸும் பாகுநிலைக் குறியீட்டெண் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள்: அதிகம் மாறாத பென்சில்வேனியா எண்ணெய்க்கு 100, தாறுமாறாக மாறும் மெக்சிகோ வளைகுடாக் கரை எண்ணெய்க்கு 0. கடையில் ஒப்பிட உதவும். கணக்குப் போட உதவாது. எனக்கு அந்த இரண்டு மூல எண்களையே கொடுத்துவிட்டால் நல்லது.

கோடு குளிர்ந்த பக்கத்தில் என்ன சொல்கிறது என்பதைச் சென்னைக்காரர்கள் நேரிலேயே பார்த்திருக்கிறார்கள். 2017 ஜனவரி 28 அதிகாலை எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பிடபிள்யூ மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதி, கனரக எரிஎண்ணெய் கடலில் கொட்டியது. கரையில் ஒதுங்கியதை மீனவர்களும் மாணவர்களும் கடலோரக் காவல் படையினரும் வாளிவாளியாகக் கையால் அள்ளினார்கள். இந்த நூற்றாண்டில் வாளியா என்று அப்போது கேலி கிளம்பியது. 380 ரகத்தை 27 டிகிரிக் கடல்நீரில் விட்டால் கோட்டின்படி அதன் பாகுநிலை சுமார் 2,200. ரெனால்ட்ஸ் முறை 1,140 என்றும், ஆண்ட்ரேட் முறை 1,490 என்றும் குறைத்துச் சொல்லும். சூட்டுப் பக்கம் பத்துப் பதினாறு டிகிரியில் முடிந்த பிழை, குளிர்ப் பக்கம் மூன்றில் ஒரு பங்கையோ பாதியையோ விழுங்கிவிடுகிறது. ஆனால் 2,200உம் தொடக்கம் மட்டுமே. கடலில் கிடக்கக் கிடக்க எண்ணெயின் லேசான பகுதிகள் ஆவியாகிவிடும். அலைகள் அடித்து அடித்துத் தண்ணீரை நுண்துளிகளாக எண்ணெய்க்குள் புகுத்தும். இப்படி உருவாகும் களியின் பாகுநிலை, மூல எண்ணெயைப்போலப் பல மடங்கு. சாதாரண உறிஞ்சு குழாய்க்குள் அது ஏறாது. வால்தரின் கோடு எண்ணெய்க்குத்தான், களிக்கு இல்லை.

அதே பக்கத்தில் இன்னொரு எல்லையும் உண்டு. மெழுகு அதிகமுள்ள எண்ணெய் குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் கீழே போனால் படிகமாகி, மார்கழித் தேங்காய் எண்ணெய் மாதிரி நின்றுவிடும். கனரக எண்ணெயில் இந்த உறைநிலைக்கு அதிகபட்ச வரம்பே 30 டிகிரிதான். அதற்குக் கீழே கணக்கு அழகாக ஒரு எண்ணைத் தந்துகொண்டே இருக்கும். தொட்டிக்குள் இருப்பது திரவமாகவே இருக்காது.

2020 ஜனவரி 1 முதல் கப்பல் எரிபொருளில் கந்தகம் 0.5 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. சில கடற்பகுதிகளில் 2015 முதலே வரம்பு 0.1 சதவீதம். அங்கே நுழையும் பல கப்பல்கள் டீசல் போன்ற லேசான எண்ணெய்க்கு மாறுகின்றன. சூடான குழாய்க்குள் திடீரென்று அதை விட்டால் பம்பின் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும் அபாயம் இருப்பதால், வெப்பநிலையை நிமிடத்துக்கு 2 டிகிரிக்கு மேல் மாற்றக் கூடாது என்பது வழக்கம். இந்த எண்ணெய்க்குக் கேள்வியே தலைகீழ்: குறைந்தபட்சம் 2 சென்டிஸ்டோக் இருக்க வேண்டும், எதுவரை சூடேற அனுமதிக்கலாம்? 40 டிகிரியில் 3 சென்டிஸ்டோக் உள்ள எண்ணெய், 60ஐச் சற்றே தாண்டியதும் அந்த எல்லையைத் தொட்டுவிடும். அதற்கு மேல் போனால் வால்தரின் சூத்திரத்துக்கே மூச்சு முட்டும். பாகுநிலை 0.3 ஆனால் 0.7 கூட்டி 1. அதன் மடக்கை பூஜ்யம். பூஜ்யத்துக்கு மடக்கை இல்லை. அதனால் 2க்குக் கீழே டி341 கூடுதல் திருத்த உறுப்புகளைச் சேர்த்துக்கொள்கிறது. கப்பல்காரர்கள் கணக்கைத் திருத்துவதோடு நிற்கவில்லை. இத்தனை ஆண்டுகள் நீராவி ஹீட்டர் மட்டும் இருந்த அதே குழாய் வரிசையில், எண்ணெயைக் குளிரவைக்க ஒரு குளிர்விப்பானையும் பொருத்திக்கொண்டார்கள்.